கண் இமைக்காத சாரதி

லெனாட்டுக்கு உலகத்தில் சொந்தமென்று ஓர் அறைதான் இருந்தது. அதற்கு ஆறு சில்லுகள் இருந்தன.

குருநகரில் அவன் குடியிருந்த வீட்டுக்கு மூன்று பக்கமும் அயலவரின் சுவர்களே சுவர்கள். குளிக்கும்போது அவன் தொண்டையைச் செருமினால், பின்வீட்டுக்காரர் மறுநாள் சுகம் விசாரிப்பார். அவனுடைய மனைவி ஜெசிதா மீன்குழம்புக்குச் சற்றுக் கூடுதலாகப் புளி விட்டால், பக்கத்து வீட்டிலிருந்து யாராவது அபிப்பிராயம் சொல்வார்கள். அந்த ஒழுங்கையில் ஒரு மனிதன் தனியாக இருக்க விரும்பினால் ஒன்றில் கடலுக்குப் போகவேண்டும், அல்லது லொறி ஓட்டவேண்டும். லெனாட்டுக்குக் கடல் ஒத்துவரவில்லை. அலையில் அரை மணித்தியாலம் ஆடினால் வயிறு புரண்டுவிடும். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு அது சிறிய வெட்கமல்ல. ஆகவே அவன் இருபத்தொரு வருடங்களாகக் கோப்பாய்க் கதிரவேலு முதலாளியின் லொறியில் வெங்காயத்தைக் கொழும்புக்கு ஏற்றிச் செல்கிறான். விடியப்புறம் புறப்பட்டால் ஒன்பது மணித்தியாலம். மறுநாள் திரும்பிவர இன்னுமொரு ஒன்பது மணித்தியாலம். உதவியாளும் இல்லை, கொழும்பில் சாக்கை இறக்க வேறு ஆட்கள் இருந்தார்கள்.

அந்தப் பதினெட்டு மணித்தியாலத் தனிமையில் அவன் என்ன செய்கிறான் என்பது, அவன் நம்பியிருந்தபடி, ஒருவருக்கும் தெரியாது. அவன் ராசா ஆகிக்கொண்டிருந்தான்.

இருபது வருடங்களுக்கு முன் கோயில் பெருநாளுக்கு ஆடிய நாட்டுக்கூத்தில் லெனாட்டுக்கு மந்திரி வேஷம் கிடைத்திருந்தது. ராசாவாக ஆடியவர் ஜெசிதாவின் தமையன் யாகோப்பு. போரில் தோற்றுவந்த ராசா சபையில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “கொண்ட முடி மண்ணில் விழக் கண்டதுண்டோ மந்திரியே?” என்று பாடிக் கேட்பார். மந்திரி “கண்டதில்லை ராசாவே” என்று பாடி விடை சொல்லவேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அன்றைக்கு விளக்கு வெளிச்சத்தில் முழுக் குருநகரும் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதை லெனாட் கண்டான். கண்டதும் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. யாகோப்பு இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறை இன்னும் உருக்கமாகக் கேட்டார். நான்காம் முறை கேட்பதற்குள் முன்வரிசையில் பாயில் இருந்த ஒரு பெண், “அவன் ஒண்டையும் காணேல்லை ராசா, நீ மிச்சத்தைப் பாடு” என்று விடை சொல்லிவிட்டாள். அந்த இரவு தொடக்கம் லெனாட்டுக்கு ஒழுங்கையில் வழங்கிய பெயர் ‘ஊமை மந்திரி.’

இவ்வருடம் அதே கூத்தை மறுபடி மேடையேற்றத் தீர்மானித்திருந்தார்கள். உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் விருப்பமுள்ளவர்களைப் பாடச்சொல்லிக் கேட்டு வேஷங்களைப் பங்கிடுவார். அந்தச் சபையில் எழுந்து, மந்திரியின் ஒற்றை வரியையல்ல, ராசாவின் பாட்டு முழுவதையும் பாட்டெழுதிய கொப்பியைப் பாராமல் பாடுவதென்று லெனாட் நேர்த்தி வைத்தவனைப் போல முடிவு செய்திருந்தான். ஆனால் அதற்கு முன் ஒரு சொல்லும் வெளியே போகக்கூடாது. “ஊமை மந்திரி ராசாப்பாட்டுப் பழகுறானாம்” என்று ஒருவர் சிரித்தால் போதும், தன் நாக்கு மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்பது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். வீட்டில் பழக முடியாது. கடற்கரையில் பழக முடியாது. மிஞ்சியது லொறி.

தவக்காலத்தின் நான்காம் கிழமையில் அந்த லொறிக்குள் ஒரு கமரா வந்து சேர்ந்தது.

உள்ளங்கையளவு கறுப்புப் பெட்டி. அதற்கு இரண்டு கண்கள்: ஒன்று முன்கண்ணாடி வழியாக வீதியைப் பார்த்தது, மற்றது திரும்பிச் சாரதியைப் பார்த்தது. கதிரவேலு முதலாளி கோப்பாயில் வெங்காயம் ஏற்றும் முற்றத்தில் ஐந்து லொறிகளின் சாரதிகளையும் கூட்டி விளக்கம் சொன்னார். போன வருடம் தம்முடைய லொறியொன்று மாங்குளத்தில் மதகுக்குள் இறங்கியதையும், அதன்பின் காப்புறுதிக்காரர் தம்மைப் படுத்திய பாட்டையும் அவர் விரிவாகச் சொன்னார். பெட்டிக்குச் சொந்தப் புத்தி உண்டென்றும், சாரதி தூங்கி விழுந்தாலோ போனில் கதைத்தாலோ அது தானே கண்டுபிடித்து, பத்து வினாடிப் படத்தைச் சத்தத்தோடு கந்தோரிலிருக்கும் கணினிக்கு அனுப்பிவிடுமென்றும் பெருமையோடு சொன்னார்.

லெனாட் ஒரு கேள்விதான் கேட்டான். “முன்னுக்குப் பாக்கிற கண் சரி முதலாளி. மற்றக் கண் எதுக்கு?”

“உம்மைப் பாக்க.”

“நான் என்ன றோட்டே?”

சாரதிகள் சிரித்தார்கள். கதிரவேலுவும் சிரித்தார். பெட்டி மட்டும் சிரிக்காமல் சிவப்புப் புள்ளியொன்றை ஒளிரவிட்டது.

முதற் பயணத்தில் சாவகச்சேரி தாண்டும்வரை லெனாட் வாய் திறக்கவில்லை. பிறகு, பெட்டி தேடுவது தூங்குமூஞ்சிகளை, தனக்கென்ன பயம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்கினான். ஆனையிறவின் உப்புவெளியில் அவனுடைய ராசா போருக்குப் புறப்பட்டார், கிளிநொச்சியில் தோற்றார், முறிகண்டியில் லொறியை நிறுத்தி, எல்லாச் சாரதிகளையும்போலப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சான்கடலை வாங்கிக்கொண்டு, மறுபடி தோற்றார். கூத்துப் பாட்டில் வரிமுடிவுகளை நீட்டி இழுக்கவேண்டும். வாயை நன்றாகத் திறக்காமல் அந்த இழுவை வராது. தாளம் தப்பாதிருக்கத் தலையையும் ஆட்டவேண்டும். நெஞ்சைப் பிடிக்கும் இடத்தில் ஒரு கை சுக்கானை விட்டு நெஞ்சுக்குப் போவதைத் தவிர்க்கவே முடியாது. இடையிடையே பெட்டி ‘பீப்’ என்று கத்தியது. அதைத் தாளக்காரரின் பிழையாக எடுத்துக்கொண்டு லெனாட் பாடிக்கொண்டே போனான்.

கொழும்பில் சாக்குகளை இறக்கிக்கொண்டிருக்கும்போது முதலாளியின் அழைப்பு வந்தது.

“லெனாட், நீர் ராத்திரி என்ன செய்தனீர்?”

“நித்திரை கொண்டனான், முதலாளி.”

“அது காணாமல் மிச்ச நித்திரையை என்ரை லொறியிலை கொண்டிருக்கிறீர். அறுபத்துமூண்டு கொட்டாவி. இருபத்தெட்டுத் தரம் தலை விழுந்திருக்கு. இதுக்கை ஏதோ நெஞ்சுநோ வந்த ஆள்மாதிரிக் கையும் போகுதாம். டொக்டரிட்டைக் காட்டினனீரோ?”

லெனாட் தன் வாழ்நாளில் அன்றைக்குப் போல விழிப்பாக லொறி ஓட்டியதில்லை. ஆனால் அதை எப்படிச் சொல்வது? பாடினேன் என்று சொன்னால், என்ன பாட்டு என்று கேட்பார். முதலாளியின் மேசைக்குப் பக்கத்தில் மூட்டை தூக்கும் மார்க்கண்டு நிற்பான். மார்க்கண்டுவின் தங்கை வாழ்க்கைப்பட்டது குருநகரில். லொறி வவுனியா வருவதற்குள் செய்தி ஒழுங்கையில் இருக்கும். ஆகவே “கொஞ்சம் அலுப்பு, முதலாளி” என்று ஒரு பொய்யைச் சொன்னான். முதலாளி அதை நம்பினார். நம்பியதால் வந்தது வினை. அடுத்த பயணத்திலும் கொட்டாவி இருபதைத் தாண்டினால் கொழும்பு ஓட்டம் வேறொருவருக்குப் போகுமென்றும், லெனாட் பருத்தித்துறைக் கடைகளுக்குச் சாமான் போடும் சின்ன லொறியைக் கொஞ்ச நாளைக்கு ஓட்டலாமென்றும் அவர் அன்போடுதான் சொன்னார். அந்தச் சின்ன லொறியில் எப்போதும் மார்க்கண்டுவும் இன்னொருவரும் சாரதியோடு நெருக்கிக்கொண்டு இருப்பார்கள்.

திரும்பி வரும்போது அவன் வாயை மூடிக்கொண்டு பழகிப் பார்த்தான். பெட்டி ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் வாய் மூடிய ராசா வெகு சீக்கிரத்தில் பழைய ஊமை மந்திரியாக மாறுவதை உணர்ந்து, மதவாச்சியோடு அதைக் கைவிட்டான். தன் சொந்த அறைக்குள் வேறொருவர் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டதைப் போல இருந்தது. மூக்கைச் சொறிவதற்குக்கூட அன்றைக்கு யோசித்தான்.

அடுத்த கிழமை தீர்மானத்தோடு புறப்பட்டான். கைதடிக்கு இப்பால் லொறியை ஓரங்கட்டி, தன்னைப் பார்க்கும் கண்ணின்மேல் வியர்வை துடைக்கும் கைலேஞ்சியைப் போர்த்தினான். பெட்டி நிறுத்தாமல் கத்தத் தொடங்கியது. லேஞ்சியை எடுத்துவிட்டுக் கோயிலில் கொடுத்த பெருநாள் அறிவித்தலை மடித்து வைத்தான்; அதற்கும் கத்தியது. கடைசியில், சுக்கானுக்கு மேலே வருடக்கணக்காகத் தொங்கும் புனித அந்தோனியாரின் படத்தைக் கழற்றினான். உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய, பளபளப்புத் தாள் ஒட்டிய படம். பின்பக்கத்தில் பிரயாணிகளின் செபம். செபம் பெட்டியைப் பார்க்க, அந்தோனியார் தன்னைப் பார்க்க, ஒரு சாண் தள்ளிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டான். பெட்டி கத்தியது. பக்கத்தால் ஒரு பஸ் விரைந்துபோக, லொறி ஒருமுறை குலுங்கி, படம் தானாகத் திரும்பி, அந்தோனியாரின் முகம் பெட்டியைப் பார்த்தது.

பெட்டி உடனே வாயடங்கியது.

லெனாட் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். கோடி அற்புதரின் அற்புதங்களில் இதுவும் ஒன்றென்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. படம் மறுபடி திரும்பிவிடாதபடி இறுக்கிக் கட்டி, இரண்டு மெழுகுதிரி நேர்ந்துகொண்டு புறப்பட்டான். கொழும்புவரை பாடினான், கொழும்பிலிருந்தும் பாடினான். மன்னன் தோற்றான், வென்றான், முடிசூடினான், மகனுக்கு மணமுடித்து வைத்தான். கொப்பி இருக்கைக்குக் கீழே கிடந்தது. அவன் அதை ஒருமுறைகூடத் தேடவில்லை.

வந்த மறுநாள், கொக்குவிலில் ரயில் பாதையோரமாக இருக்கும் கந்தோருக்கு உடனே வரச்சொல்லி அழைப்பு வந்தது.

மதில் சூழ்ந்த வளவின் முன்னறைதான் கந்தோர். பெரிய மேசையில் கதிரவேலு. அவருக்குப் பின்னால் சுவரில் பிள்ளையார் படம். சின்ன மேசையில், கணினித் திரையின் முன்னால் வினோஜா. லொறிகளிலிருந்து வரும் படங்களைப் பார்ப்பது அவளுடைய வேலை. ஊர் கோப்பாய், வயது இருபத்துநான்கு. லெனாட் அவளோடு அதுவரை போனில் மட்டுமே கதைத்திருந்தான். இன்று அவள் ஏனோ தலையை நிமிர்த்தவில்லை. வாசலில் மார்க்கண்டு சாக்குத் தைக்கும் சாட்டில் நின்றான்.

“இரும்,” என்று கதிரவேலு சுவரோரமிருந்த மரவாங்கைக் காட்டினார். “நூற்றுக்கு நூறு எடுத்திருக்கிறீர்.”

லெனாட் இருந்தான்.

“ஒரு கொட்டாவி இல்லை. போனிலை கதைக்கேல்லை. போய்வந்த பதினெட்டு மணித்தியாலமும் நேர் பார்வை. அஞ்சு லொறியிலையும் உப்பிடி ஒருத்தரும் எடுக்கேல்லை. எனக்குச் சந்தோசம். உமக்குக் குடுக்கச் சுடுதண்ணிப் போத்தல் ஒண்டும் வாங்கி வைச்சனான்.” அவர் மேசையில் இருந்த புதுப் போத்தலைத் தொட்டுக்காட்டினார், ஆனால் நகர்த்தவில்லை. “ஒரு குறைதான். பெட்டி சொல்லுது, நீர் மடியிலை ஒரு பிள்ளையை வைச்சுக்கொண்டு ஓடியிருக்கிறீராம். பெல்ட்டும் போடேல்லையாம். காப்புறுதிக்காரர் கேக்கினம். உம்மடை பிள்ளையள் வளந்ததுகள். ஆரின்ரை பிள்ளை அது?”

லெனாட்டுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. வினோஜா அச்சிட்ட படமொன்றை மெல்ல மேசையில் வைத்தாள். அதில் புனித அந்தோனியார், துறவியின் கபில நிற உடுப்போடு, குழந்தை யேசுவைக் கையில் ஏந்தியபடி, அமைதியாகப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தைச் சுற்றிப் பச்சைச் சதுரம்: ‘சாரதி — விழிப்புநிலை மிக நன்று.’ குழந்தையைச் சுற்றிச் சிவப்புச் சதுரம்.

மார்க்கண்டு வாசலில் முதுகைத் திருப்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

கதிரவேலுவும் அந்தப் படத்தை இப்போதுதான் காண்கிறார் என்பது தெரிந்தது. அவர் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஏமாற்றப்பட்ட மனிதரின் முகம் மெல்ல மெல்ல உண்டாகியது. கமராவை மறைத்தவன் ஒன்றில் தூங்கியிருக்கவேண்டும், அல்லது குடித்திருக்கவேண்டும் என்றார். இருபத்தொரு வருட நம்பிக்கை என்றார். மாங்குளத்து மதகைப் பற்றியும் ஒருமுறை சொன்னார். பிறகு வினோஜாவின் பக்கம் திரும்பினார். “படத்தை மறைச்சாலும் சத்தம் வந்திருக்கும்தானே, பிள்ளை? பிள்ளை வைச்சிருக்கிறார் எண்டு அனுப்பின துண்டுகளைப் போடு. உள்ளுக்கை என்ன நடந்ததெண்டு கேப்பம்.”

வினோஜாவின் விரல் கணினிச் சுட்டியின்மேல் அசையாமல் இருந்தது. “ஐயா, நான் கேட்டிட்டன். லெனாட் அண்ணை நித்திரை கொள்ளேல்லை. குடிக்கவும் இல்லை. அவ்வளவும் சொன்னால் காணும்தானே?”

“காணாது. போடு.”

அவள் முதன்முதலாக லெனாட்டை நிமிர்ந்து பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பதும், கேட்டதை ஒருவருக்கும் சொல்லவில்லை என்பதும் அந்தப் பார்வையிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் சூடேறியது. வாசலில் மார்க்கண்டு சாக்கையும் ஊசியையும் மறந்து நின்றான். இன்னும் பத்து வினாடியில் அந்தப் பெட்டி, அவன் தனியாக இருந்தபோது திருடிய குரலை இந்த அறையில் எடுத்து விடப்போகிறது. பாதியில் தொடங்கி, பாதியில் முறிந்து, கேலிக்கென்றே வெட்டிய துண்டுகளாக. இருபது வருடங்களுக்கு முன் நின்ற இடத்தில் இன்றும் ஊமையாக நிற்பதா?

அவன் எழுந்தான்.

“பெட்டி பாட வேண்டாம், முதலாளி. பாடினவன் இஞ்சை நிக்கிறன். நானே பாடுறன்.”

கதிரவேலு பதில் சொல்வதற்குள் தொடங்கிவிட்டான். முதலடி சற்று நடுங்கியது. இரண்டாமடியில் ஆனையிறவின் வெளி கண்முன் விரிந்தது. மூன்றாமடியில் கை தானாக நெஞ்சுக்குப் போனது. கொண்ட முடி மண்ணில் விழ, கொடிபிடித்த கை நடுங்க, தோற்றுவந்த ராசா அந்தக் கந்தோரின் நடுவில் நின்றார். அந்த நேரம் பார்த்து, காங்கேசன்துறைக்குப் போகும் ரயில் மதிலுக்கு அப்பால் வந்தது. மேசையும் யன்னலும் அதிர்ந்தன. லெனாட் நிறுத்தவில்லை. வரியின் கடைசி எழுத்தைப் பிடித்து, வாயை அகலத் திறந்து, கடைசிப் பெட்டி கடந்து போகுமட்டும் இழுத்துக்கொண்டே நின்றான். ரயிலின் சத்தம் அடங்கியபின்னும் அவனுடைய சத்தம் இருந்தது. பிறகு, மெல்ல இறக்கி, எதிரில் இல்லாத மந்திரியைப் பார்த்துக் கேட்டான்.

“கண்டதுண்டோ மந்திரியே?”

அறை அமைதியாக இருந்தது. இந்த அமைதியைத்தான் அவனுக்கு நன்றாகத் தெரியுமே.

“கண்டதில்லை ராசாவே,” என்று சின்ன மேசையிலிருந்து விடை வந்தது. மெட்டுப் பிசகாமல், இழுவையும் குறையாமல். வினோஜா உடனே வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

கதிரவேலு அவளைத் திரும்பிப் பார்த்தார். “உனக்கு உது எப்பிடித் தெரியும்?”

“அறுபத்துமூண்டு கொட்டாவியையும் நான்தானே ஐயா கேட்டனான். துண்டு துண்டாத்தான் வந்தது, மந்திரியின்ரை விடையையும் அண்ணையே பாடியிருந்தவர். ராசாவுக்கு என்ன நடந்ததெண்டு அறிய ஒழுங்குபடுத்திக் கேட்டனான்.” பின் லெனாட்டைப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “கேட்டது பிழைதான் அண்ணை. பாடத் துவங்க முன்னம் நீங்கள் ரெண்டு பக்கமும் பாத்தியள். ஆளில்லாத லொறிக்குள்ளை ஒருத்தர் அப்பிடிப் பாத்தால், அதை வெளியிலை சொல்லக்கூடாதெண்டு எனக்குத் தெரியாதே?”

லெனாட்டின் முகத்துச் சூடு மெல்லத் தணிந்தது. வாய் திறந்துவிட்டது, இனி மூடுவதில் அர்த்தமில்லை. “முதலாளி, மறைச்சது பிழை. ஒத்துக்கொள்ளுறன். ஆனால் ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. றோட்டைப் பாக்கிறது நியாயம். றோட்டு எல்லாருக்கும் பொது. நான் பிழையா ஓடினால் றோட்டிலை தெரியும். பிழையா ஓடாட்டி, என்ரை வாய் திறந்திருக்கோ மூடியிருக்கோ எண்டு கந்தோர் ஏன் எண்ணவேணும்?”

“மதகுக்கை விட்டவனும் நித்திரையில்லை எண்டுதான் சொன்னவன்,” என்றார் கதிரவேலு. அதிலும் நியாயம் இருந்தது. பெட்டி விலை கூடின சாமானென்றும், அதற்குப் பாட்டும் கொட்டாவியும் வேறு வேறென்று தெரியாமல் இருக்காதென்றும் முதலாளி தொடர்ந்தார்.

வினோஜா மேசை இலாச்சியிலிருந்து, ஆறாவது லொறிக்கென்று வைத்திருந்த பெட்டியை எடுத்து, கணினியில் செருகி, கதிரவேலுவின் முகத்துக்கு நேரே நிறுத்தினாள். “ஐயா, நீங்கள் காலமையிலை சாமிப் படத்துக்கு முன்னாலை வாய்க்குள்ளை முணுமுணுக்கிறனீங்களே, அந்தத் தேவாரத்திலை ஒண்டு சத்தமாப் படியுங்கோ.”

கதிரவேலு சுற்றுமுற்றும் பார்த்தார். அப்படிப் பார்த்ததை லெனாட்டும் வினோஜாவும் கண்டார்கள். அவரும் அவர்கள் கண்டதைக் கண்டார். பிறகு பிள்ளையார் பக்கம் பாதி திரும்பி, கண்ணை மூடி, பண்ணோடு ஒரு பாடலைத் தொடங்கினார். அவருக்கு நல்ல சாரீரம். அது அங்கு ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கடைசி வரியை உருக்கமாக நீட்டி முடித்துக் கண் திறந்தபோது, திரையில் வரிசையாகச் சிவப்பு எழுத்துகள் நின்றன. கொட்டாவி ஏழு. கண் மூடி நித்திரை நாற்பது வினாடி. வாகனத்தை உடனே நிறுத்தவும்.

கதிரவேலு திரைக்குக் கிட்டக் குனிந்து ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

“சுவாமி பாட்டைக் கொட்டாவி எண்டு சொல்லுதோ?”

“ஓம் ஐயா. அது ஆரெண்டு பாக்காது.”

“இப்ப இது எங்கை போகுது?”

“காப்புறுதிக்காரருக்கு.”

“மறி பிள்ளை, மறி,” என்று அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். வாசலில் மார்க்கண்டு சாக்குக் குவியலின்மேல் உட்கார்ந்து வெளிப்படையாகவே சிரித்தான். கதிரவேலு அவனை முறைத்துப் பார்க்க முயன்று, முடியாமல், தாமும் சிரித்தார்.

அதன்பின் காரியம் விரைவாக முடிந்தது. பெட்டியின் உள்பார்வையைக் கந்தோருக்கு அனுப்பாமல், பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டலாமென்றும், விபத்து நடந்தாலொழிய ஒருவரும் அதைத் திறக்கமுடியாதென்றும், சத்தத்தை முற்றாக நிறுத்தலாமென்றும் வினோஜா சொன்னாள். தூங்குகிறவரை எழுப்பும் ‘பீப்’ மட்டும் லொறிக்குள் இருக்கும். அதற்கு ஒரு கட்டத்தில் சரி போட்டால் போதும். பெட்டியைப் பொருத்திய நாளில் ஒருவரும் அதைப் போடவில்லை, அவ்வளவுதான். கதிரவேலு காப்புறுதிக்காரருக்குப் போன் எடுத்துக் கேட்டார். தாங்களும் இத்தனை கொட்டாவிகளைப் பார்க்க ஆளில்லாமல்தான் இருக்கிறோமென்று அங்கிருந்தவர் மகிழ்ச்சியோடு சம்மதித்தார். கதிரவேலு ஐந்து லொறிக்கும் தாமே சரி போட்டார். சுக்கானில் கை வைத்துப் பாடவேண்டும், நெஞ்சைப் பிடிப்பதை மேடையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று லெனாட்டிடம் வாக்கு வாங்கினார். பின் சுடுதண்ணிப் போத்தலை அவன் பக்கம் நகர்த்தினார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது, மார்க்கண்டுவைத் தவிர. லெனாட் சைக்கிளை எடுக்கும்போதே அவன் வளவு மூலையில் நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தான்.

குருநகர் ஒழுங்கைக்குள் திரும்பும்போது லெனாட் சைக்கிளை விட்டு இறங்கி மெல்ல உருட்டினான். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் கூப்பிடவுமில்லை. ஜெசிதா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவன் போத்தலை அவளிடம் கொடுத்து, வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னான். அவள் உதறிய சாரத்தைக் கொடியில் விரித்துவிட்டு, “தெரியும்,” என்றாள்.

“மார்க்கண்டு சொன்னவனோ?”

“அவன் என்னத்தைச் சொல்லுறது. தவக்காலம் துவங்கேக்கையிருந்து நீங்கள் நித்திரையிலை பாடுறியள். இண்டைக்கு வரைக்கும் அந்த ராசாவுக்கு எத்தினை தரம் முடி விழுந்ததெண்டு எனக்குக் கணக்கே இல்லை.”

“பின்னை ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் மறைச்சு வைச்சிருக்கிறதை நான் ஏன் எடுத்துப் பாப்பான்?”

சுவருக்கு அப்பாலிருந்து ஓர் இருமல் கேட்டது. பக்கத்து வீட்டில் குடியிருந்த யாகோப்பு இருமிவிட்டு, சுவரிடம் கதைப்பவரைப்போலச் சொன்னார்: “மச்சான், மூண்டாமடியிலை அவசரப்படுறாய். ராத்திரிகளிலை கேட்டுக்கொண்டுதான் கிடந்தனான். சொல்லவும் ஏலாமல், படுக்கவும் ஏலாமல் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.” பின்வீட்டிலிருந்தும் அதை ஆமோதிக்கும் குரலொன்று எழுந்தது.

லெனாட் முற்றத்தில் நின்று மூன்று சுவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். ஐந்து கிழமையாக இந்த ஒழுங்கை முழுவதும் அவனைக் கேட்டிருக்கிறது; கேட்டுவிட்டு, காலையில் அவன் முகத்தைப் பார்த்து மீன் விலை கதைத்திருக்கிறது. பெட்டிக்கு ஆயிரம் விஷயம் கற்பித்தவர்கள் இந்த ஒன்றைக் கற்பிக்கவில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாமடியை மெதுவாக எடுத்துப் பாடிக் காட்டினான், சத்தமாகவே. “இப்ப சரி,” என்றது சுவர்.

உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாவியார் ராசா வேஷத்தை வழக்கப்படி இருவருக்குப் பிரித்தார். விடியுமட்டும் ஆடும் கூத்தில் ஒரு தொண்டை போதாது. போருக்குப் புறப்படும் ராசா யாகோப்பு. தோற்றுவந்து பாடும் ராசா லெனாட். மந்திரி வேஷம் ஓர் இளம் மீனவனுக்குக் கிடைத்தது. சபை கலையும்போது லெனாட் அவனைத் தனியே அழைத்துத் தன் லொறி எந்தெந்த நாளில் புறப்படுகிறதென்பதைச் சொல்லி, ஆனையிறவு வரை வந்து பழகலாமென்றும், அங்கே கேட்க ஒருவருமில்லை என்றும் சொன்னான்.

பெருநாளன்று முன்வரிசைப் பாயில் கதிரவேலுவும் வினோஜாவும் இருந்தார்கள். “கண்டதுண்டோ” என்று ராசா கேட்டபோது, மந்திரி வாய் திறப்பதற்கு அரைக் கணம் முன்பாக வினோஜாவின் உதடுகள் அசைந்ததை லெனாட் மேடையிலிருந்தே கண்டான்.

கொக்குவில் கந்தோரில் இப்போது பிள்ளையாருக்குக் கீழே இன்னொரு படம் சட்டமிட்டுத் தொங்குகிறது. பச்சைச் சதுரத்துக்குள் அந்தோனியார், சிவப்புச் சதுரத்துக்குள் குழந்தை. வருகிறவர்கள் கேட்டால், தம்மிடம் வேலை செய்தவர்களில் நூற்றுக்கு நூறு எடுத்த ஒரே ட்றைவர் அவர்தான் என்று கதிரவேலு சொல்வார்; பெல்ட் போடாத குறையைத் தாம் மன்னித்துவிட்டதாகவும் சொல்வார். அசல் படம் பழையபடி சுக்கானுக்கு மேலே, லெனாட்டைப் பார்த்துக்கொண்டு ஆடுகிறது. அவன் பாடும்போது அந்தோனியார் கொட்டாவி எண்ணுவதில்லை.